ஆளைப் பதியும் நாடு, கையொப்பத்தைப் பதியும் மாநிலம்

2014 ஜூன் 28ஆம் திகதி மாலை, சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த பதினொரு மாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி விடிகாலையில், கண்டி புவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் மாண்டார்கள். இரண்டு ஊர்களிலும் இடிபாட்டை அள்ளி முடிக்கு முன்னரே மக்கள் கேட்டவை ஒரே இரண்டு கேள்விகள்தான். இதற்குப் பொறுப்பான பொறியியலாளர் யார்? அவரைத் தகுதியானவர் என்று சொன்னது யார்?

இந்த இரண்டாவது கேள்விக்கு இலங்கையும் தமிழ்நாடும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. பொறியியலாளர் ஒருவரைத் தொழிலுக்குள் அனுமதிக்கும் பதிவு, இலங்கையில் அந்த மனிதரிலிருந்து தொடங்குகிறது. அவர் என்ன படித்தார், யாரிடம் பழகினார், எதைத் தன் கையால் செய்தார் என்று மூத்தவர்கள் விசாரித்த பிறகுதான் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. தமிழ்நாட்டில் அது கட்டடத்திலிருந்து தொடங்குகிறது. இன்ன அளவுக் கட்டடத்தின் வரைபடத்தில் இன்ன தகுதியுள்ளவர் கையொப்பமிட வேண்டும் என்று விதி சொல்கிறது. கையொப்பமிட வருபவர் அதற்காகப் பெயரைப் பதிந்துகொள்கிறார். சுருங்கச் சொன்னால் இலங்கை ஆளைப் பதிகிறது, தமிழ்நாடு கையொப்பத்தைப் பதிகிறது. இரண்டும் தனித்தனியே அரைப் பாதுகாப்புத்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த இரண்டையும் ஒப்பிடக் கண்டியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். பேராதனையில் நாட்டின் மூத்த பொறியியல் பீடம் இருக்கிறது. நகரைச் சுற்றிலும் மலைச்சரிவு. தட்டையான காணி அருமை. அந்தச் சரிவுகளில் தேயிலை நட்ட மக்களின் மூதாதையர் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கண்டிச் சீமையிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறின. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை ஹந்தானைச் சரிவிலும் மறு கிளை நீலகிரிச் சரிவிலும் வீடு கட்டுகின்றன. இரு கிளைகளிலும் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் நடக்க வேண்டிய பாதை மட்டும் வேறு வேறு.

வேர் ஒன்று, கிளை இரண்டு

இரண்டு அமைப்புகளும் ஒரே காலனிய மண்ணில் முளைத்தவை. இலண்டனில் 1818இல் தொடங்கிய குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தைப் பார்த்தே ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் பொறியியலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். இலங்கையில் 1906இல் பொறியியல் சங்கம் ஒன்று உருவானது. அது 1956இல் பொறியியலாளர் நிறுவகமாக மாறி, 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் சட்டபூர்வ அமைப்பானது. இந்தியாவில் 1920இல் தொடங்கிய பொறியாளர் நிறுவனம் 1935இல் அரச பட்டயம் பெற்றது. 'பட்டயப் பொறியியலாளர்' என்ற தகுதியை இரு அமைப்புகளும் வழங்குகின்றன. கண்டியில் அதை யாரும் முழுமையாகச் சொல்வதில்லை, "மகன் சார்ட்டர்ட் ஆகிட்டாரா?" என்றுதான் கேட்பார்கள்.

பேர் ஒன்றாக இருந்தாலும் அதன் கனம் ஒன்றல்ல. இலங்கையில் சார்ட்டர்ட் ஆவது ஒரு பொறியியலாளரின் தொழில் வாழ்க்கையில் பெரிய படி. அரச திணைக்களத்தில் பதவி உயர்வு, ஆலோசனை நிறுவனத்தில் பொறுப்பு, வெளிநாட்டில் வேலை எல்லாம் அதைச் சுற்றியே அமைகின்றன. இந்தியாவில் பட்டயப் பொறியாளர் சான்று சில வேலைகளுக்கு மிகவும் பயன்படுகிறது. பழைய இயந்திரங்களை இறக்குமதி செய்யும்போது சுங்கத் துறையிடம் காட்ட வேண்டிய மதிப்பீட்டுச் சான்று அவற்றில் ஒன்று. ஆனால் அந்தப் பட்டயம் இல்லாமலே ஒருவர் வாழ்நாள் முழுவதும் பாலமும் கட்டடமும் வடிவமைத்து நல்ல பேரோடு ஓய்வு பெறலாம். சட்டம் அவரைத் தடுப்பதில்லை.

சட்டம் உள்ள இடமும் இல்லாத இடமும்

இந்தியாவில் வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளர் எல்லோருக்கும் சட்டபூர்வ அமைப்புகள் உள்ளன. நாட்டின் மிகப் பெரிய தொழிற்குழுக்களில் ஒன்றான பொறியாளர்களுக்கு மட்டும் அனைத்திந்தியச் சட்டம் எதுவும் இல்லை. குஜராத் மாநிலம் 2006இல் குடிசார் பொறியாளர்களுக்கு மட்டும் தனிச் சட்டம் இயற்றியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2025இல் தொழில்முறைப் பொறியாளர்களுக்கான சட்ட வரைவு ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. வரைவு சட்டமாகும் வரை, பொறியியல் பட்டம் பெற்ற எவரும் தம்மைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள இந்தியாவில் தடையில்லை.

இலங்கை இந்த இடத்தில் முந்திக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பொறியியல் பேரவை நிறுவப்பட்டது. பதிவு பெறாதவர் பொறியியலைத் தொழிலாகச் செய்வது இப்போது குற்றம். சட்டம் பட்டதாரிகளோடு நின்றுவிடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டயப் பொறியியலாளர் முதல் பொறியியல் டிப்ளோமாதாரர், பொறியியல் தொழில்நுட்பவியலாளர் வரை ஆறு வகுப்பினர் ஒரே பதிவேட்டின் கீழ் வருகிறார்கள். ஒரு கட்டடத்தை நிற்க வைப்பது வடிவமைத்தவர் மட்டுமல்ல. தளத்தில் காலையிலிருந்து மாலைவரை நிற்பவர், கம்பி கட்டுவதைப் பார்ப்பவர், கொங்கிறீட்டின் கலவையைச் சோதிப்பவர் எல்லோரும் சேர்ந்துதான் அதை நிற்க வைக்கிறார்கள். அவர்களையும் பெயர் சொல்லி அடையாளம் காணும் பதிவேடு நேர்மையான பதிவேடு.

பேராதனையிலிருந்து பதிவேடு வரை

பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மகாவலிக் கரையில் அமைந்த அந்தப் பீடத்தில் உருவானவர்களின் பட்டியல் நீண்டது. மலைநாட்டு மண்ணைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. வடமராட்சியில் பிறந்த பேராசிரியர் அழகையா துரைராசா கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தபோது, ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண் எப்போது, எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பது பற்றி 1963இல் வெளியிட்ட கட்டுரை மண் இயக்கவியலின் அடிப்படை ஆக்கங்களில் ஒன்றாக இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. அவர் பேராதனையில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1994இல் காலமானார்.

பேராதனையில் நான்காண்டு படித்துப் பட்டம் வாங்கியவர் அன்றே சார்ட்டர்ட் ஆவதில்லை. நிறுவகத்தில் இணை உறுப்பினராகச் சேர்கிறார். பிறகு மூத்த பொறியியலாளரின் மேற்பார்வையில் சில ஆண்டுகள் பயிற்சியும் பொறுப்பும். குடிசார் துறை என்றால் வடிவமைப்பு அலுவலகத்திலும் வேலை செய்திருக்க வேண்டும், தளத்திலும் சேற்றில் நின்றிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் செய்தவற்றைக் குறித்து வைத்து, அறிக்கையாக எழுதி, தொழில்முறை மீளாய்வுக்கு விண்ணப்பிக்கிறார். மூத்த பொறியியலாளர்கள் அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு நேரில் கேள்வி கேட்கிறார்கள்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டிக்குப் பழக்கமான ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம். இங்கே வீடு கட்டுபவர் எவரும் முதலில் கட்டுவது தாங்குசுவர். மலையை வெட்டித் தளம் எடுத்தால் பின்னால் நிற்கும் மண்ணைப் பிடித்து வைக்க அது வேண்டும். ஒருவர் தன் அறிக்கையில் மூன்று மீற்றர் உயரத் தாங்குசுவர் ஒன்றை வடிவமைத்ததாக எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் கனத்தையும் கம்பியின் அளவையும் பாடப்புத்தகத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: சுவரில் தண்ணீர் வடியும் துளைகளை எங்கே வைத்தீர்கள், துளைக்குப் பின்னால் என்ன போட்டீர்கள், மேசன் பாஸ் அதைச் செய்தாரா என்று எப்போது போய்ப் பார்த்தீர்கள்?

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சாதாரண உலர்ந்த மண், மூன்று மீற்றர் உயரச் சுவரை ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் சுமார் இரண்டே முக்கால் தொன் விசையோடு தள்ளும். அந்த மண்ணில் அடைமழைத் தண்ணீர் தேங்கி மேல்வரை நிரம்பினால், தண்ணீர் மட்டுமே நாலரைத் தொன் தள்ளும். மண்ணின் பங்கு குறைந்தாலும் மொத்தம் ஏறத்தாழ ஆறு தொன்னாகிவிடும். அதே சுவர், அதே கம்பி, அதே சீமெந்து. சுமை மட்டும் இரு மடங்குக்கு மேல். சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் போடாமல் தோண்டிய செம்மண்ணையே திருப்பிக் கொட்டினால், துளை இருந்தும் அடைத்துப்போகும். அடுத்த ஒக்டோபர் மழையில் சுவர் வயிறு தள்ளும். சல்லிக்கல்லின் விலை, இரண்டு சுமை கொண்டுவரும் டிராக்டர் கூலி, அன்றைக்குப் போய்ப் பார்க்கும் ஒரு மனிதர் ஆகிய மூன்றுதான் அந்தச் சுவரை நிறுத்துகின்றன. வடிவமைத்தவர் அன்று தளத்துக்குப் போனாரா என்பதைப் பட்டச் சான்றிதழ் சொல்லாது. நேருக்கு நேர் கேட்டால் பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இலங்கை முறையின் உயிர் இந்த நேர்முகத்தில் இருக்கிறது. ஒருவருடைய தீர்மானிக்கும் திறனை, இன்னொருவர் தன் அனுபவத்தால் அளக்கிறார். தாள் மதிப்பெண்ணால் இதை அளக்க முடியாது.

படிவத்திலிருந்து பொறியாளர் வரை

தமிழ்நாட்டின் பாதை வேறு. மௌலிவாக்கம் இடிந்தபின் நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2ஆம் திகதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2019 பெப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதுவரை மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த விதிகள் ஒன்றாயின. அந்த விதிகளின் மையத்தில் இருப்பது தொழில் வல்லுநர் பதிவு. பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று வேலைக்கேற்பப் பிரித்து, சில வகைகளை நிலைகளாகவும் பகுத்திருக்கிறார்கள். 18.30 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடம் உயர்மாடிக் கட்டடம். அதற்கான பொறுப்புப் பட்டியலும் நீளமானது.

ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் இதன் வலிமை புரியும். வரைந்தவர் ஒரு படிவம், கட்டமைப்பைக் கணக்கிட்டவர் ஒரு படிவம், மண்ணைச் சோதித்தவர் ஒரு படிவம், கட்டுமானத்தைப் பார்ப்பவர் ஒரு படிவம் என்று ஒவ்வொருவரும் தம் பெயர், பதிவெண், உறுதிமொழியோடு கையொப்பமிடுகிறார்கள். நடுவில் ஒருவர் விலகினால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்று ஆள் வரும்வரை வேலையைத் தொடரக் கூடாது. அடித்தள மட்டத்தில் ஒருமுறை, மேல்மாடி மட்டத்தில் ஒருமுறை என்று கட்டம் கட்டமாகச் சான்று கேட்கிறார்கள். எந்தத் தூணுக்கு யார் பொறுப்பு என்பது கட்டடம் எழும்போதே எழுத்தில் இருக்கிறது. விபத்து நடந்த பிறகு பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பலவீனமும் அதே கோப்பில்தான் இருக்கிறது. பதிவெண் பெற வேண்டியவர் தருவது பட்டம், அனுபவச் சான்று, கட்டணம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெயர் பட்டியலில் ஏறும். இவரிடம் தாங்குசுவர்த் துளையைப் பற்றிக் கேட்க மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அனுபவச் சான்றில் எழுதப்பட்ட ஆண்டுகள் எப்படிப்பட்ட ஆண்டுகள் என்று தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்தியப் பொறியாளர் நிறுவனம் தொழில்முறைத் தகுதிச் சான்றுகள் வழங்குகிறது என்றாலும், கையொப்பமிட வருபவர் அதைப் பெற்றே தீரவேண்டும் என்ற நிலை இல்லை.

இந்தக் குறை வரும் ஆண்டுகளில் இன்னும் பெரிதாகத் தெரியும். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலுவலகத்தைச் சுற்றி அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது உண்மையான விடுதலை. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதிகாரியின் கண் விலகும் இடத்தில் பொறியாளரின் மனச்சாட்சியும் திறமையும் மட்டுமே காவல். அந்தத் திறமையை யாரும் அளந்து பார்க்காத நாட்டில் அந்தக் காவல் எவ்வளவு உறுதியானது?

2014: ஒரே கதவு, இரண்டு அகலம்

பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989இல் உருவானது. இலங்கையும் இந்தியாவும் அதன் முழு உறுப்பினர்களானது ஒரே ஆண்டில், 2014இல். இலங்கை சார்பில் பொறியியலாளர் நிறுவகமும், இந்தியா சார்பில் தேசிய தரநிர்ணய வாரியமும் கையெழுத்திட்டன.

பார்வைக்குச் சமமாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் கண்டியிலிருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் ஏமாந்துபோகும் வாய்ப்பு இருக்கிறது. இலங்கையில் பொறியியல் பீடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; அவற்றின் பட்டங்களை மதிப்பிடுவதும், பிறகு பட்டதாரியைச் சார்ட்டர்ட் ஆக்குவதும் ஒரே நிறுவகம். இந்தியாவில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் மட்டுமே நானூறுக்கு மேல். தேசிய வாரியம் கல்லூரிகளை இரண்டு அடுக்காகப் பிரித்து மதிப்பிடுகிறது. பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் தன்னாட்சி நிறுவனங்கள் முதல் அடுக்கு; பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. உடன்படிக்கை முதல் அடுக்கில் தரநிர்ணயம் பெற்ற பாடநெறிகளை மட்டுமே தழுவுகிறது.

கண்டியில் உயர்தரக் கணிதப் பிரிவில் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்ட பிள்ளையைத் தகப்பன் கடன்பட்டுத் திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புகிறார். கல்லூரியின் சுவரில் தரநிர்ணயச் சான்று தொங்குகிறது. அது எந்த அடுக்கு, எந்தப் பாடநெறிக்கு, எந்த ஆண்டு வரை என்பதை அவர் கேட்பதில்லை. நான்காண்டு கழித்து ஊர் திரும்பிய பிள்ளை நிறுவகத்தின் வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்விகள் வருகின்றன. உடன்படிக்கைக்குள் வராத பட்டமானால், கூடுதல் மதிப்பீடு, கூடுதல் தேர்வு என்று பாதை நீள்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியது கட்டணமும் விடுதி வசதியும் மட்டுமல்ல. பாடநெறி முதல் அடுக்கில் தரநிர்ணயம் பெற்றதா, பிள்ளை பட்டம் பெறும் ஆண்டில் அது நடைமுறையில் இருக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதை இலங்கை நிறுவகத்திடமும் முன்கூட்டியே காட்டி விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பின்கதவல்ல, பக்கக்கதவு

பல்கலைக்கழக வாசலில் நுழையாதவருக்கு இரு நாடுகளும் என்ன வழி வைத்திருக்கின்றன என்பதும் ஒப்பிடத் தக்கது. இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ, பி பிரிவுத் தேர்வுகள், வேலை பார்த்துக்கொண்டே படித்த பல தலைமுறை டிப்ளோமாக்காரர்களைப் பொறியாளர்களாக்கின. அந்தத் தகுதியைப் பட்டத்துக்கு இணையாகக் கருதும் மத்திய அரசின் ஏற்பு, 2013 மே 31ஆம் திகதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போனது. நெடுநாள் திறந்திருந்த ஒரு பாதை குறுகியது.

இலங்கையில் அந்தப் பக்கக்கதவு திறந்தே இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி மையம் பொல்கொல்லையில் உள்ளது. வேலைக்குப் போகும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வார இறுதிகளில் படித்துப் பொறியியல் பட்டம் வரை போகலாம். மொரட்டுவையின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா பெற்றவருக்கும் பதிவேட்டில் இடம் இருக்கிறது. நிறுவகமும் தன் சொந்தத் தேர்வுகளை வைத்திருக்கிறது.

கதவு திறந்திருப்பதும் உள்ளே போக முடிவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளைக்கு உயர்தரத்தில் கணிதப் பிரிவே பல இடங்களில் கிடைப்பதில்லை. கிடைத்தால் ஆசிரியர் இல்லை. தாண்டி வந்தால் பீடத்தில் முதல் விரிவுரையே ஆங்கிலத்தில். அதையும் தாண்டிப் பட்டம் பெற்றால் மீளாய்வு அறிக்கையும் நேர்முகமும் ஆங்கிலத்தில். மழை நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மண் எப்படி ஊறி நகர்கிறது என்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்த ஒருவர், அந்த அறிவை நேர்முக மேசையில் ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறினால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல, மலைநாட்டுக்கும்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டச் சரிவுகள் பறித்த உயிர்களும் நமக்குச் சொல்வது இதுவே: இந்த மண்ணை அறிந்த பொறியியலாளர்கள் இந்த மண்ணிலிருந்தே வரவேண்டும். நிறுவகத்தின் கண்டிப் பகுதி மூத்தவர்கள் ஆண்டுக்குச் சில தமிழ்ப் பட்டதாரிகளையாவது அறிக்கை எழுதுவதிலும் நேர்முகத்துக்குத் தயாராவதிலும் கைபிடித்து நடத்தினால், அதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

எது சிறந்தது?

தகுதியை அளக்கும் முறையில் இலங்கை முன்னே நிற்கிறது. மேற்பார்வையில் பயிற்சி, எழுதிய அறிக்கை, நேர்முகம், சட்டத்தின் பின்பலம் ஆகிய நான்கும் இங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. சிறிய நாடு, சில பீடங்கள், ஒரே நிறுவகம் என்பதால் அது சாத்தியமானது என்று வாதிடலாம். ஆனால் மாநில அளவில் நேர்முகக் குழுக்கள் அமைக்கத் தமிழ்நாட்டுக்கு ஆள்பலம் இல்லாமல் இல்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரியின் மரபு அங்கே இருக்கிறது. ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உயர்மாடிக் கட்டடத்துக்குக் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியாளருக்கு மட்டுமாவது நேர்முகத்தைக் கட்டாயமாக்கி அங்கிருந்து தொடங்கலாம்.

பொறுப்பைக் கட்டடத்தோடு கட்டிவைக்கும் முறையில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. இலங்கையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் தகுதியுள்ளவரின் கையொப்பத்தைக் கேட்கின்றன. கண்டி போன்ற சரிவான மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடும் தேவை. ஆனால் வரைபடம் அனுமதிக்கப்பட்ட நாளுக்கும் கட்டடம் முடிந்து பொருந்துகைச் சான்றிதழ் கேட்கும் நாளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கியவர் அந்த இடைவெளியில் மூன்றாவது, நாலாவது மாடியை ஏற்றுவதைக் கண்டியில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வரைபடத்தில் கையொப்பமிட்டவருக்கு அது தெரியாமலே போகும். சான்றிதழையே கேட்காமல் குடியேறுபவர்களும் உண்டு. அடித்தளம் போடும் நாளில் ஒருவர், ஒவ்வொரு மாடித் தட்டும் போடும் நாளில் ஒருவர், தம் பதிவிலக்கத்தோடு கையொப்பமிடும் நடைமுறையைக் கண்டி மாநகர சபை சரிவான காணிகளுக்கு மட்டுமாவது கொண்டுவரலாம். இலங்கையிடம் பதிவேடு தயாராக இருக்கிறது. அதிலுள்ள பெயர்களைத் தளத்துக்கு வரவழைக்கும் படிவம்தான் குறைகிறது.

புவெலிகடையை வைத்து 2017ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்வது சரியல்ல. ஒரு கட்டடத்தைக் கொண்டு ஒரு சட்டத்தை அளக்க முடியாது. மௌலிவாக்கத்தை வைத்து 2019ஆம் ஆண்டு விதிகள் வென்றுவிட்டன என்று சொல்வதும் சரியல்ல. விதிகளின் சோதனை வரும் இருபது, முப்பது ஆண்டுகளில் நிற்கும் கட்டடங்களில்தான். இரண்டு துயரங்களும் நமக்குக் காட்டுவது இவ்வளவே: தகுதியுள்ள ஆள் தளத்தில் இல்லாவிட்டால் பதிவேடு உதவாது, தளத்தில் கையொப்பமிடும் ஆளுக்குத் தகுதி இல்லாவிட்டால் படிவம் உதவாது.

கண்டியில் காணி வாங்கி வீடு கட்டப் புறப்படும் குடும்பம் இதற்காகச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரைபடம் கீறித் தருபவரிடம் கட்டணத்தைப் பேசுவதற்கு முன் அவருடைய பதிவிலக்கத்தைக் கேட்கலாம். பொறியியல் பேரவையில் அதைச் சரிபார்க்கலாம். தாங்குசுவரின் அத்திவாரம் வெட்டும் நாளிலும், அதன் பின்னால் சல்லிக்கல் நிரப்பும் நாளிலும் அவர் நேரில் வந்து பார்ப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் அந்த இரண்டு வருகைக்குக் கொடுக்கும் பணம் மிகச் சிறியது. இலங்கை கட்டியெழுப்பிய பதிவேடும் தமிழ்நாடு கற்றுத் தந்த படிவமும் அந்த இரண்டு நாளில் ஒன்று சேர்கின்றன.